சூடான மூட்டுக்குத் தைலம் தேடாதீர்கள்!

வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரத்தில் சந்தை. பழைய டிரங்க் ரோடு முழுக்க ஜனம். அன்றைக்கு என் கிளினிக்கில் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆட்டோவிலிருந்து ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வலது முழங்காலில் நொச்சி இலையை வதக்கி வைத்து, பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"மூட்டு வாதம் வந்துடுச்சு டாக்டர். முந்தாநாள்தான் ஆரம்பிச்சுது. போன வருஷம் எங்க அத்தைக்கு ஒரு தைலம் கொடுத்தீங்களே, அதையே இவருக்கும் கொடுத்துடுங்க" என்றார் அவருடைய மனைவி.

கட்டை அவிழ்த்தேன். முழங்கால் இளநீர்க் காய் மாதிரி பளபளவென்று வீங்கியிருந்தது. என் புறங்கையை அதன் மேல் வைத்தேன். பிறகு இடது முழங்காலில் வைத்தேன். வலது, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது. இடது சாதாரணமாக இருந்தது. காலை அரை அங்குலம் அசைத்ததற்கே அந்த மனிதர் "ஐயோ!" என்று அலறிவிட்டார். காய்ச்சல் 102 டிகிரி.

"சர்க்கரை இருக்கா?"

"பத்து வருஷமா இருக்கு சார்."

"கால்ல ஏதாவது காயம் பட்டுச்சா?"

"காயம்னு ஒண்ணும் இல்லை... ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சந்தையில ஒரு ஆணி குத்துச்சு. அது ஆறிடுச்சு சார்."

உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பாக ஒரு புள்ளி. அதைச் சுற்றி லேசான வீக்கம். வெளியே ஆறியிருந்தது. உள்ளே ஆறவில்லை.

நான் தைலம் கொடுக்கவில்லை. பற்றும் போடவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, வந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "நம்ம வைத்தியம் வேணும்னுதானே உங்ககிட்ட வந்தோம். நீங்களே இங்கிலீஷ் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னா எப்படி டாக்டர்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

மூட்டுக்குள் சீழ்

மூட்டு வலி என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது தேய்மானம், வாதம், சுளுக்கு போன்றவை. இவை வலிக்கும், படுத்தும். ஆனால் இன்றைக்குப் பார்க்காமல் அடுத்த வாரம் பார்த்தாலும் பெரிய மோசம் வந்துவிடாது. ஒரே ஒரு மூட்டு நோய் மட்டும் அப்படியில்லை. அது மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது. ஆங்கில மருத்துவர்கள் இதை 'செப்டிக் ஆர்த்ரைட்டிஸ்' என்பார்கள். இதில் நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான்.

ஏன் இவ்வளவு அவசரம்?

இரண்டு எலும்புகள் சேரும் இடம் கீல். எலும்பின் நுனியில் வழுவழுப்பாகக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. தேங்காய் வழுக்கையைத் தொட்டால் எப்படி வழுக்குமோ, கிட்டத்தட்ட அப்படி. இந்த இரண்டு வழுவழுப்புக்கும் நடுவே, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கொஞ்சம் திரவம். இதையெல்லாம் ஒரு பை மூடியிருக்கிறது. பையின் உள் சவ்வில் ரத்த ஓட்டம் அதிகம். ஆகவே ரத்தத்தில் கிருமி வந்தால் அங்கே சுலபமாக இறங்கிவிடும்.

குருத்தெலும்பு விஷயம் நேர் எதிர். அதற்குள் ரத்தக் குழாயே கிடையாது. தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வருகிறது. எலும்பு முறிந்தால் கூடுகிறது. குருத்தெலும்பு கரைந்தால், போனது போனதுதான். பழையபடி முளைக்காது.

கிருமி உள்ளே வந்ததும் அதை அழிக்க நம் உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அந்தச் சண்டையில் வெளியாகும் ரசாயனப் பொருட்கள் கிருமியைத் தாக்குவதோடு நிற்பதில்லை, குருத்தெலும்பையும் அரிக்கின்றன. இந்த அரிப்பு சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். ஒரு சில நாட்களுக்குள் திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம் ஆகிவிடலாம். பைக்குள் சீழ் ஏற ஏற அழுத்தமும் கூடும். இடுப்பு மூட்டில் அந்த அழுத்தம், தொடை எலும்பின் பந்துக்குப் போகும் ரத்தத்தையே நெரித்துவிடும்.

மூட்டு போவது மட்டுமல்ல. அதே கிருமி ரத்தத்தில் பரவினால் உயிருக்கும் ஆபத்து. பெரியவர்களில் இந்த நோய் வந்தவர்களைப் பற்றிய ஆய்வுகள், சுமார் பத்தில் ஒருவர் இறந்துபோவதாகச் சொல்கின்றன. ஆன்டிபயாடிக் வந்து இத்தனை வருஷமான பிறகும் இதுதான் நிலைமை!

கிருமி எப்படி உள்ளே போகிறது?

மூன்று வழிகள். முதலாவது ரத்தம் வழியாக. காலில் ஒரு புண், முதுகில் ஒரு கட்டி, சிறுநீரில் கிருமி, நிமோனியா - இவற்றில் எங்கிருந்தாவது கிளம்பி மூட்டில் போய் உட்கார்ந்துவிடும். நம் சந்தைக்காரருக்கு நடந்தது இதுதான். ஆணி குத்தியது உள்ளங்காலில், சீழ் பிடித்தது முழங்காலில்! இரண்டாவது, பக்கத்து எலும்பில் பிடித்த கிருமி மூட்டுக்குள் உடைத்துக்கொண்டு வருவது. மூன்றாவது நேரடியாக - முள், ஆணி, விபத்துக் காயம், ஆபரேஷன், அபூர்வமாக மூட்டுக்குள் போடும் ஊசி.

பெரும்பாலும் குற்றவாளி, 'ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்' என்ற பாக்டீரியா. நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருப்பதுதான் இது. வழி கிடைத்தால் உள்ளே நுழைந்துவிடும்.

யாருக்கு அதிகம் வரும்? சர்க்கரை நோயாளிகள், அறுபது எழுபது வயது தாண்டியவர்கள், ஏற்கெனவே முடக்குவாதத்தால் மூட்டு கெட்டவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டவர்கள். இன்னொரு பக்கம், கைக்குழந்தைகளும் சின்னக் குழந்தைகளும்.

வாதமா, சீழா - வீட்டிலேயே எப்படிச் சந்தேகப்படுவது?

முடிவு செய்வது டாக்டர் வேலை. ஆனால் சந்தேகப்படுவது உங்கள் வேலை. அதற்கு ஐந்து விஷயம் பார்த்தால் போதும்.

ஒன்று, எத்தனை மூட்டு? சீழ் பெரும்பாலும் ஒரே மூட்டில்தான் பிடிக்கும். பெரியவர்களில் முழங்கால்தான் அதிகம்.

இரண்டு, எவ்வளவு வேகம்? நேற்று நன்றாக நடந்தவர் இன்று காலை ஊன்ற முடியவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

மூன்று, சூடு. நான் செய்தது மாதிரியே புறங்கையால் இரண்டு பக்கமும் தொட்டு ஒப்பிடுங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம், சூடு தெரியாமல் போகாது.

நான்கு, அசைவு. தேய்மானத்தில் நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். சீழ் பிடித்த மூட்டை மற்றவர் மெதுவாக அசைத்தாலும் உயிர் போகும்.

ஐந்து, காய்ச்சல், குளிர் நடுக்கம். ஆனால் ஜாக்கிரதை! வயதானவர்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். காலையில் ஒரு பாராசிட்டமால் போட்டிருந்தாலும் தெர்மாமீட்டர் ஏமாற்றிவிடும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு சில நோய்களையும் சொல்லிவிடுகிறேன். 2006-ல் தமிழ்நாட்டையே முடக்கிப்போட்ட சிக்குன்குனியா நினைவிருக்கிறதா? அதிலும் காய்ச்சல், மூட்டு வலி எல்லாம் உண்டு. ஆனால் அது கை, மணிக்கட்டு, கணுக்கால் என்று பல மூட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும். ருமாட்டிக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகும் வயசுப் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வருவது; இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று தாவித் தாவிப் போகும். முடக்குவாதம் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் மெதுவாக வரும். காலையில் விரல்கள் விறைத்துக்கொள்ளும். கௌட் என்கிற யூரிக் அமில நோய் ராத்திரியோடு ராத்திரியாகக் கால் பெருவிரலில் வந்து உட்காரும். அதுவும் சிவந்து, சுட்டு, வலிக்கும். இந்தக் கௌட்டையும் சீழையும் வெறுங்கண்ணால் பிரிப்பது பெரிய டாக்டர்களுக்கே கஷ்டம். சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான், 'போன தடவை மாதிரி யூரிக் ஆசிட்தான்' என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

குழந்தைக்கு 'உரம்' விழுந்துவிட்டதா?

இப்போது சொல்லப்போவதைத் தாய்மார்களும் பாட்டிமார்களும் அவசியம் படிக்க வேண்டும்.

கைக்குழந்தை ஓயாமல் அழுதால் நம் வீடுகளில் என்ன சொல்வோம்? "உரம் விழுந்திருக்கும்." உடனே புடவையில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி எடுப்பார்கள். இல்லாவிட்டால் உரம் எடுக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பல குழந்தைகள் தானாகவே அழுகையை நிறுத்திவிடும். அதனால் அந்த நம்பிக்கையும் வளர்ந்துவிட்டது.

ஆனால் அந்த அழுகைக்கு இடுப்பு மூட்டில் பிடித்த சீழ் காரணமாக இருந்தால்? உருட்டுவதும் காலைப் பிடித்து இழுப்பதும் குழந்தைக்குச் சித்திரவதை. அதைவிட மோசம், போகிற நேரம். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் வெளியே வீக்கமும் தெரியாது, சிவப்பும் தெரியாது. பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குக் காய்ச்சல்கூட வராமல் போகலாம்.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? குழந்தையைக் குளிப்பாட்டும்போது, ஜட்டி மாற்றும்போது கவனியுங்கள். ஒரு காலை மட்டும் உதைக்காமல் வைத்திருக்கிறதா? தொடையை மடக்கி வெளிப்பக்கம் சாய்த்தே வைத்திருக்கிறதா? சும்மா படுத்திருந்தால் அமைதி, அந்தக் காலைத் தொட்டால் மட்டும் வீறிடுகிறதா? பால் குடிக்க மறுக்கிறதா? அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். நடக்கிற குழந்தையாக இருந்தால், காய்ச்சலோடு நொண்டினாலோ நடக்க மறுத்தாலோ அதே அவசரம்தான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஒரு தப்பைச் செய்து கற்றுக்கொண்டேன்.

பிராக்டீஸ் ஆரம்பித்த புதிது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாலு வயசுப் பெண் குழந்தையை அதன் அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "மாடிப்படியில விழுந்துட்டா டாக்டர். நேத்துலேருந்து காலை ஊன மாட்டேங்கிறா." உடம்பு கொஞ்சம் சூடாக இருந்தது. விழுந்த அதிர்ச்சியில் வந்த காய்ச்சல் என்று நினைத்தேன். மூசாம்பரப் பற்றுப் போட்டேன். "மூணு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா சொன்னபடி வந்தார். குழந்தை துவண்டு கிடந்தது. கண் திறக்கவில்லை. எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இடுப்பைத் திறந்து சீழை எடுத்தார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் தொடை எலும்பின் பந்து பாதி கரைந்துபோயிருந்தது. இன்று அந்தப் பெண் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு செருப்புக்கு மட்டும் அடியில் ஒரு அங்குல உயரம் கூட்டித் தைத்துப் போட்டுக்கொள்கிறாள்.

அவளுடைய அம்மா இப்போதும் தன் முழங்கால் வலிக்கு என்னிடம்தான் வருகிறார். அந்த மூன்று நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

குழந்தை விழுந்தது நிஜம்தான். விழாத குழந்தை எது? 'விழுந்தாள்' என்ற சொல்லைக் கேட்டதும் நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். அதுதான் தப்பு.

இடுப்பில் சீழா, சாதாரண நீர்க்கோப்பா என்று பிரிக்க, அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் 1999-ல் நான்கு அறிகுறிகளைச் சொன்னார்கள். காய்ச்சல் 38.5 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் (நம் கணக்கில் சுமார் 101.3), காலை ஊன்ற மறுப்பது, ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். 40-க்கு மேல், வெள்ளை அணுக்கள் 12,000-க்கு மேல். நான்கும் இருந்தால் சீழ் இருக்க மிகப் பெரிய வாய்ப்பு. முதல் இரண்டையும் தெரிந்துகொள்ள லேப் கூட வேண்டாம். அன்று என் கிளினிக்கில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, அந்தக் குழந்தையை இறக்கி நிற்க வைத்திருந்தாலே போதும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முக்கியமான பரிசோதனை ஒன்றுதான். மூட்டுக்குள் ஊசி போட்டுத் திரவத்தை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது. பயப்பட வேண்டாம். மரத்துப்போக மருந்து கொடுத்துச் செய்கிற சின்ன வேலை இது. நல்ல மூட்டுத் திரவம் தெளிவாக இருக்கும். ஒரு கன மில்லிமீட்டரில் 200-க்கும் குறைவான வெள்ளை அணுக்கள்தான் இருக்கும். சீழ் பிடித்ததில் கலங்கல், மஞ்சள். அணுக்கள் பெரும்பாலும் 50,000-ஐத் தாண்டும். அதே திரவத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் யூரிக் அமிலப் படிகங்கள் இருக்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும்.

மிச்சத் திரவத்தைக் 'கல்ச்சர்' செய்வார்கள். அதாவது கிருமியை வளர்த்து, அது எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பார்கள். இது ஏன் முக்கியம்? எல்லாக் கிருமியும் ஒரே மருந்துக்குச் சாகாது. உதாரணத்துக்கு, மழைக்காலத்துச் சேற்று மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமி உண்டு. 'மெலியாய்டோசிஸ்' என்ற நோயைத் தருவது. சர்க்கரை நோயாளிகளைத்தான் தேடிப் பிடிக்கும். மூட்டிலும் சீழ் வைக்கும். தமிழ்நாட்டு நோயாளிகளிடம் இதைக் கண்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதற்குச் சிகிச்சையே வேறு, மாதக் கணக்கில் நீளும். கல்ச்சர் செய்யாமல் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மூட்டு வீங்கிவிட்டது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். அந்த இரண்டு மாத்திரை கிருமியைக் கொல்லாது, ஒளித்துவைக்கும். கல்ச்சரில் ஒன்றும் வளராது. டாக்டர் இருட்டில் தேட வேண்டியதாகிவிடும்.

'எக்ஸ்ரே எடுத்தோம், நார்மல்னு சொல்லிட்டாங்க' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரே நார்மலாகத்தான் இருக்கும். எலும்பு கெட்டது எக்ஸ்ரேயில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். இடுப்பு மூட்டுக்கு அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் உதவும். உள்ளே திரவம் சேர்ந்திருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிகிச்சைக்கு இரண்டு கால்கள். ஒன்று, சீழை வெளியே எடுத்து மூட்டைக் கழுவுவது. ஊசியால் திரும்பத் திரும்ப எடுப்பார்கள்; அல்லது சின்னத் துளை போட்டுக் குழாய் வழியாகக் கழுவுவார்கள்; அல்லது திறந்து கழுவுவார்கள். குழந்தையின் இடுப்பு என்றால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். இரண்டாவது, ஆன்டிபயாடிக். முதலில் ரத்தக் குழாயில் ஊசியாக, பிறகு மாத்திரையாக. பெரியவர்களுக்கு மொத்தம் மூன்று முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். குழந்தைகளுக்குச் சீக்கிரம் கண்டுபிடித்தால் குறைவாகவும் முடியலாம். நாலாவது நாள் வலி போய்விடும். 'சரியாப் போச்சே, எதுக்கு இன்னும் மாத்திரை?' என்று தோன்றும். நிறுத்திவிடாதீர்கள்! அடங்கியிருக்கிற கிருமி திரும்பி வரும்.

செயற்கை மூட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த மூட்டில் புதிதாக வலியோ, சூடோ, வீக்கமோ, நீர்க் கசிவோ வந்தால், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். நடுவில் யாரையும் தேய்க்கவோ ஊசி போடவோ விடாதீர்கள்.

சானடோரியம் சொல்லும் கதை

மின்சார ரயிலில் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் போகும்போது, நடுவே ஒரு ஸ்டேஷனின் பெயர் தாம்பரம் சானடோரியம். தினமும் ஏறி இறங்குகிறோம். அந்தப் பெயரைக் கொடுத்தது காச நோய் என்று எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்? 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே காச நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்கு மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு - இவைதான் வைத்தியம். அதுதான் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கிறது.

மூட்டுக் கட்டுரையில் காச நோய் எதற்கு என்கிறீர்களா? அந்தக் கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. முதுகெலும்பிலும், இடுப்பிலும், முழங்காலிலும் போய் உட்காரும். ஆனால் இது மெதுவான கொள்ளைக்காரன். சூடு அதிகம் இருக்காது. ஒரே முழங்கால் மாதக் கணக்கில் வீங்கியிருக்கும். தொடைத் தசை சூம்பிப்போகும். சாயங்காலம் லேசான காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வேர்வை, பசியின்மை இருக்கலாம். 'தேய்மானம்' என்று நினைத்து வருஷக் கணக்கில் எண்ணெய் தேய்க்கிறவர்களில் சிலருக்கு இருப்பது இதுதான். சின்ன வயதுக்காரர் ஒருவருக்கு ஒரே மூட்டு ஆறு வாரத்துக்கு மேல் வீங்கியிருந்தால், திரவமோ சதையோ எடுத்துப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

நல்ல செய்தியும் நம் ஊரிலிருந்தே வந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காச நோய் ஆராய்ச்சி மையம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம், சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டியதில்லை என்று 1959-ல் உலகத்துக்கே காட்டியது. முதுகெலும்புக் காச நோயிலும் நோயாளியை நடமாட விட்டே மருந்தால் குணப்படுத்த முடியும் என்பதையும் பின்னாளில் இங்கே ஆராய்ந்து காட்டினார்கள். எலும்பு, மூட்டுக் காச நோய்க்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை மருந்து தேவைப்படலாம். அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து இலவசம்.

சித்த மருத்துவம் இதில் எங்கே?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

நான் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதே தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தொடங்கப்பட்டபோது, நம் மருத்துவத்துக்கு ஒரு நல்ல வீடு கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவன். நாள்பட்ட வாத நோய்களுக்கு நம் மருந்துகளை நானே தினமும் கொடுக்கிறேன்.

சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. பற்று, ஒற்றடம், தொக்கணம், கட்டு - இவை உங்களுக்குத் தெரியும். அதே பட்டியலில் கீறலும் அறுவையும் இருக்கின்றன! அவற்றை யாரும் நினைவில் வைப்பதில்லை. சீழ் இருந்தால் வெளியேற்ற வேண்டும் என்பது நம் முன்னோர்களுக்கும் தெரிந்ததுதான். அன்று கையில் இருந்தது கத்தி. இன்று அதோடு குழாயும், ஸ்கேனும், கிருமியை அறிந்து கொடுக்கும் மருந்தும் இருக்கின்றன. ஆகவே சீழ் பிடித்த மூட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது நம் வைத்தியத்துக்கு விரோதம் இல்லை. சீழ் இருக்கிற மூட்டில் தொக்கணம் போடுவதுதான் விரோதம்.

தேய்த்தால் என்ன ஆகும்? வீங்கிய பையைப் பிசைந்தால் வலியும் சேதமும் கூடும். கிருமி ரத்தத்தில் பரவவும் வழி ஏற்படலாம். சூடான மூட்டுக்குச் சுடு ஒத்தடம் எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு. பற்று போட்டுக் கட்டினால் வீக்கம் கூடுவது கண்ணுக்குத் தெரியாமல் போகும். எல்லாவற்றையும்விட, 'வைத்தியம் நடக்கிறது' என்ற நிம்மதியில் இரண்டு நாள் கரைந்துவிடும். அந்த இரண்டு நாள்தான் மூட்டின் விலை.

கிருமி முழுக்கப் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் உறுதி சொன்ன பிறகு, விறைத்த மூட்டை அசைக்கவும், சூம்பிய தசையைத் தேற்றவும் பயிற்சி வேண்டும். பிசியோதெரபிதான் முதல். அதோடு, உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மிதமான எண்ணெய்ப் பூச்சுக்கு நம்மிடம் வரலாம். அதற்கு முன்னால் வேண்டாம். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு வெறும் மூலிகையை நம்பவும் வேண்டாம். காலில் ஒரு சின்னக் காயம் என்றாலும் தினமும் பாருங்கள். கண் தெரியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

கத்தரித்து வைத்துக்கொள்ள

ஒரே மூட்டு, ஓரிரு நாளில் வீக்கம், தொட்டால் சூடு, அசைக்க முடியாத வலி - காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கைக்குழந்தை ஒரு காலையோ கையையோ அசைக்காமல் வைத்திருந்தால், தொட்டால் அழுதால், உரம் எடுக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

எண்ணெய், ஒத்தடம், பற்று, இறுக்கக் கட்டு எதுவும் வேண்டாம். மூட்டை வசதியான நிலையில் அசையாமல் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆன்டிபயாடிக்கை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

சர்க்கரை, செயற்கை மூட்டு, சமீபத்துக் காயம், மூட்டில் போட்ட ஊசி - இவற்றைக் கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் இருப்பவர்கள் குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ, செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். குழந்தை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. வண்டி இல்லையா? 108-க்குப் போன் செய்யுங்கள்.

சரி, அந்தச் சந்தைக்காரர் என்ன ஆனார்? அன்று ராத்திரியே மூட்டிலிருந்து சீழ் எடுத்தார்கள். ஐந்து வாரம் மருந்து. மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நடந்தே வந்தார். முழங்காலை முழுசாக மடக்கிச் சம்மணம் போட முடியவில்லை. மற்றபடி நன்றாக இருக்கிறார். கூட வந்த அவருடைய மனைவி சிரித்துக்கொண்டே கேட்டார்: "இப்பவாவது அந்தத் தைலத்தைக் கொடுப்பீங்களா டாக்டர்?"

முழங்காலில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. கொடுத்தேன்.